வலது தோளில் விழும் முனாப்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதே பாதிப் பொய். இரண்டு வருடமாகக் காணாத மாதிரி நான் ஒதுங்கித் திரிந்த கதை, போன மாதம் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் கொண்டக்டராக வந்து என் முன்னால் நின்றது. பெயர் முனாப். வலது முழங்கையைக் கம்பியில் கோத்துக்கொண்டு இடது கையை நீட்டிக் காசு வாங்கினான். ஒவ்வொருவரிடமும் "இடக்கை, மன்னிச்சிக்கங்க" என்றான். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

"எங்க, நிந்தவூரா?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். நான் போக வேண்டியது அட்டாளைச்சேனைக்கு. வாய் தவறியதா, மனம் தவறியதா தெரியாது. நிந்தவூரிலேயே இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். அன்றைக்கே எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக"

கடல் அமைதியாக இருந்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "1997ஆம் ஆண்டு, எங்கள் கரையோரத்தில் ஒரு சண்டை வீடியோ விளையாட்டைத் தனியொருவனாக உருவாக்கிய பெருமை"

பெருமையாம்! அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "முனாப் என்றொரு லொறி டிரைவர் இருந்தான். அவன் விழமாட்டான்."

நல்ல தொடக்கம். வாசித்தவர்கள் எல்லாரும் பிடித்திருக்கிறது என்றார்கள். என்ன செய்ய, அவன் விழுந்தானே.

ஆகவே நேராகச் சொல்கிறேன். அந்த வருடம் நான் கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் போனபிறகு கிடைக்கும் ஒரேயொரு பழைய மெஷினில் ஒரு விளையாட்டுச் செய்தேன். இரண்டு பேர், ஒரே கீபோர்ட், திரையில் இரண்டு சண்டைக்காரர், ஒருவர் விழும்வரை அடி. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குப் பதினான்கு மாதம் போனது.

3

(கொம்பியூட்டர் விஷயம் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஆனால் தாண்டினால் முனாப் ஏன் தேவைப்பட்டான் என்பது விளங்காது. ஆகவே தாண்ட வேண்டாம்.)

இரண்டு பேர் ஒரே கீபோர்டில் சண்டை பிடித்தால் நாலைந்து விசைகள் ஒரே நேரத்தில் அமுங்கும். மூன்றுக்கு மேல் போனால் அந்தக் கீபோர்ட் மற்றதைக் கண்டுகொள்ளாது. பிந்தி அடித்தவனின் அடி காற்றோடு போய்விடும். இதனால் என் மாணவர் இருவர் ஒரு வாரம் ஒருவரோடொருவர் கதைக்காமல் இருந்தார்கள். வகுப்புச் சொந்தக்காரரின் வீட்டிலிருந்த புது மெஷினில் போட்டுக் காட்டினேன்.* தொடக்கச் சலாம், அடி, விழுகை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. "முடிஞ்சா? தொடங்கவே இல்லையே" என்றார். மெஷினின் வேகத்தை நம்பி நான் நேரத்தை அளந்திருந்தேன். முழுவதையும் திருப்பி எழுதினேன். பாதி எழுதும்போது கரண்ட் போனது. சேமித்திருக்கவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், எனக்கு மனிதனைப் படமாகக் கீற வராது. நான் கீறிய சண்டைக்காரன் அடிக்கும்போது தும்முகிற மாதிரி இருந்தான்.

அதற்குத்தான் முனாப். கல்யாண ஊர்வலத்திலும் பெருநாளிலும் சீனடி விளையாடுகிற கூட்டத்தில் அவன்தான் முன்னுக்கு நிற்பான். சபைக்குச் சலாம் வைத்துத் தொடங்கி, கம்பும் கையும் காலும் ஒன்றாகப் பேசுகிற சண்டை விளையாட்டு அது. அவனைக் கல்யாண வீடியோ எடுக்கும் ஹமீடின் கமராவில் எடுப்பது, படத்தை டிவியில் நிறுத்துவது, திரைமேல் பொலித்தீன் தாளை ஒட்டி மார்க்கரால் கோடு பிடிப்பது, பிறகு அந்தத் தாளைக் கொம்பியூட்டர் திரையில் ஒட்டிப் புள்ளி புள்ளியாக நிரப்புவது. இதுதான் என் தொழிற்சாலை. திரையில் சண்டை பிடித்த இரண்டு பேருமே முனாப்தான். ஒருவன் இடுப்பில் சிவப்புச் சாரன், மற்றவன் இடுப்பில் பச்சை.

* புளொப்பி டிஸ்குகளோடு போகும்போது சோதனைச் சாவடியில் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சண்டை என்று சொல்ல வாய் வருமா? பாடம் என்றேன்.

4

இந்தப் பகுதியில் நான் முனாபைக் கொஞ்சம் கோபக்காரனாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால்தான் எனக்கு வசதி. இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதன்முதல் அவனை இருத்தி விளையாட்டைக் காட்டினேன். சிவப்புச் சாரன் முனாப் வலக்கையால் சலாம் வைத்தான். எதிரே பச்சைச் சாரன் முனாபும் சலாம் வைத்தான், இடக்கையால். ஒரே படத்தைக் கண்ணாடியில் போலத் திருப்பித்தான் மறுபக்கத்துக்குப் போட்டிருந்தேன். நினைவகத்தில் பாதி மிச்சம். உலகத்தில் எல்லாரும் செய்கிற வேலை.

முனாபின் முகம் மாறியது.

"இதாரு?"

"நீதான்."

"நான் இடக்கையால சலாம் வைப்பனா? எந்தச் சபையிலயாவது வெச்சிரிக்கனா? என்ன வேலடா பாத்து வெச்சிரிக்காய்?"

"மெமரி காணாது மச்சான். திருப்பித்தான் போட ஏலும்."

"சலாம மட்டும் சரியாப் போடு. மத்தத நீ எப்பிடியும் திருப்பு, பொரட்டு. சலாம் வலக்கையால வெய்."

சலாம் மட்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். அதற்கு நாலு படம் கூடுதலாகப் போதும், இடமும் இருந்தது. எனக்குத்தான் ரோசம் வந்துவிட்டது. "சலாம் என்ன சலாம், முழு விளையாட்டையும் ரெண்டு பக்கமும் புதிசா எடுப்பம். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி கடக்கரைக்கு வா" என்றேன். இந்த வசனத்தை முதல் மூன்று பிரதிகளிலும் அவன் வாயில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முனாபுக்கு அப்போது சவூதியில் தம்மாமுக்கு டிரைவர் விசா வந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கொழும்பில் அதற்கான மெடிக்கல் பரிசோதனை. அது எனக்குத் தெரியும்.

5

இந்தப் பகுதியை எழுதக் கை போக மாட்டேன் என்கிறது. எழுந்து தண்ணீர் குடித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். திரும்பவும் திறந்தேன்.

வியாழக்கிழமையே நான் கணக்குப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கப் படங்களும் அந்த மெஷினில் கொள்ளாது. எப்படி நெருக்கினாலும் கொள்ளாது. வெள்ளிக்கிழமை காலை ஹமீடிடம் சொன்னேன்: "இதப் போட ஏலாது காக்கா. ஆனாலும் எடுத்து வெப்பம்." அவர் தலையை ஆட்டினார். முனாபிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் முன்னால் நான் சிறுத்துப் போயிருப்பேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அடி, உதை, தடுப்பு எல்லாம் எடுத்து முடித்து விழுகைக்கு வந்தோம். முனாப் எப்போதும் இடது தோளைக் கொடுத்துத்தான் விழுவான், பழக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நான் வலது தோளைக் கேட்டேன். விழுந்தான். சரியில்லை என்றேன். விழுந்தான். சாரன் மறைக்கிறது என்றேன். விழுந்தான்.

"ஒருக்காக் கூட விழு மச்சான்."

ஏழாவது தரம் வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டியது. சத்தம் எனக்குக் கேட்டது. ஹமீட் கமராவை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி சித்தி லைலா என்னைப் பார்த்து, "நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். ஏசியிருக்கலாம். எலும்பு கோணலாகப் பொருந்தியது. மெடிக்கலுக்குப் போகவில்லை. விசா காலாவதியானது. லொறி ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப அந்தக் கையால் ஏலாது.

இன்னும் இருக்கிறது. ஏழாவது விழுகை அச்சொட்டாக நிஜம் மாதிரி இருந்தது, நிஜம்தானே. பழைய விழுகையை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். பொலித்தீன் தாளில் அந்த மணிக்கட்டை நான்தான் கோடு பிடித்தேன். என் விளையாட்டில் யார் வென்றாலும் தோற்றவன் அப்படித்தான் விழுவான். மாணவர்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அழகான வசனத்தில் சொல்லத் தெரியவில்லை.

6

மாற்று முடிவுகள், தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

ஆறாவது விழுகையோடு பற்றரி தீர்ந்துவிடுகிறது. ஹமீட் ஏசிக்கொண்டு கமராவை மூடுகிறார். முனாப் தம்மாமுக்குப் போகிறான், அங்கிருந்து ஒரு

வேண்டாம்.

நான் உண்மையைச் சொல்கிறேன். முனாப் என் பிடரியில் ஒன்று போட்டு, "இதுக்கா என்னக் கூட்டித்து வந்தாய்?" என்று சிரிக்கிறான். மூன்று பேரும்

இதுவும் வேண்டாம். இதை எழுதும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

7

ஐந்தாம் பகுதியை அவனுக்குக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பது இன்னொரு களவு என்று பட்டது. நேற்று கல்முனை பஸ் நிலையத்துக்குப் போனேன். பஸ் முறைக்காக நின்றது. முனாப் பின் சீற்றில் இருந்துகொண்டு தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தான். நான் படியில் நின்றேன். ஓடிவிடலாம் போல இருந்தது.

கடைசித் தாளை மடித்தான்.

"ஏழில்ல. ஒம்பது தரம்" என்றான்.

"என்ன?"

"விழுந்தது. ஒம்பதாவதுதான் கை போனது. நான் எண்ணின."

அவன் தாள்களை மடியில் அடுக்கினான்.

"மறுகா, இது மெமரியில கொள்ளா எண்டது. ஹமீட் காக்கா அண்டைக்கே சொல்லித்தார். நீ கமராக்கு இடம் பாக்கக்குள்ள."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

"தெரிஞ்சித்தும் ஏன்டா விழுந்தாய்?"

தாள்களை என் கையில் தந்தான்.

"இவ்வளவு எழுதியிரிக்காய். எல்லாம் உன்ட கதைதான். ரெண்டு வருசமா அத ஒருக்காலாவது யோசிச்சயா?"

டிரைவர் ஹோன் அடித்தார். முனாப் எழும்பிக் கதவடிக்குப் போய், "நிந்தவூர், அட்டாளைச்சேன, அக்கரப்பத்து" என்று கூப்பிடத் தொடங்கினான். நான் இறங்கினேன்.

8

அவன் விழுந்தது சவூதிக்குப் போக மனமில்லாததால். சித்தி லைலாவுக்கு அப்போது

அவன் விழுந்தது, விழமாட்டேன் என்றால் நான் எல்லார் முன்னிலும்

அவன் விழுந்தது, தன்னைத் திரையில் இன்னும் கொஞ்சம் நேரம்

மூன்றையும் பாதியில் விட்டிருக்கிறேன். மூன்றில் எது சரியாக இருந்தாலும் என் பாரம் கொஞ்சம் குறையும், அதனால் எதையும் முடிக்க எனக்கு உரிமை இல்லை. ஏழு என்று எழுதியதையும் திருத்தவில்லை. எண்ணியவன் நானல்ல.

அந்த பஸ் ஒரு நாளைக்கு ஆறு தடவை போய் வருகிறது. நீங்கள் ஏறினால் அவனிடம் கேட்கலாம், கோபிக்கமாட்டான். பதில் சொன்னால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.