வெறுமையாகத் திரும்பிய தூக்குச்சட்டி

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16ஆம் திகதி, சனிக்கிழமை. அன்று எங்கள் தூக்குச்சட்டி வெறுமையாகத் திருப்பித் தரப்பட்டது. இதுவே என் முறைப்பாடு.

இதை அற்பமென்று எண்ணுபவர் எங்கள் வழக்கத்தை அறியாதவர். உணவு வந்த பாத்திரத்தை நாங்கள் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கரண்டி சீனியாவது இட வேண்டும். அதுவும் இல்லையேல் நான்கு கறிவேப்பிலை. என் மகன் இராசதுரை இவ்வழக்கத்தை ஒருபோதும் மீறியவன் அல்லன்.

அவன் துறைமுகத்தில் எழுதுவினைஞன். ஜூலை 22ஆம் திகதி காலை, உட்துறைமுக வீதியிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் சீருடையினர் வந்து நின்று, பத்து நிமிட விசாரணைக்கென்று அவனை அழைத்தனர். அவன் என் முகத்தைப் பார்த்தான். "குற்றம் செய்யாதவன் ஒளிக்கத் தேவையில்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய் வா" என்று சொன்னவன் நான். வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறக் காற்சட்டையும் அணிந்து போனான்.

துறைமுகத்தை அண்டிய முகாமொன்றில் அவன் இருப்பதாக மூன்றாம் நாள் அறிந்தோம். சனிக்கிழமைகளில் உணவு கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் குழம்பு கூடாது, மீன் கூடாது, எலும்பு கூடாது. ஒவ்வொரு துண்டையும் காவலாளி பிய்த்துப் பார்ப்பான்.

"அப்ப பூக்கோவா பொரிச்சுக் குடுப்பம்" என்றாள் என் மனைவி புஸ்பராணி.

"இந்தக் காலத்தில பூக்கோவாவுக்கு எங்க போறது?"

"ஸைனுலாப்தீனிட்டக் கேளுங்கோ. சோறும் பருப்பும் ஆரும் அவிப்பினம். இதைக் கடிச்சா அவனுக்குத் தெரியும், அம்மாதான் அனுப்பினவ எண்டு."

காலிஃபிளவர் எனும் பூக்கோவா குளிர்நாட்டுக் காய்; மரக்கறிக் கடை ஸைனுலாப்தீனுக்கு நுவரெலியாவிலிருந்து லொறி வரும். கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் அதை மறித்து, மூட்டைகளைக் கம்பியால் குத்திச் சோதிப்பார்கள்.

"மாஸ்டர், பூக்கோவா ஒண்டு இரிக்கி. ரெண்டு குத்துத்தான் பட்டிருக்கு" என்று அவர் நீட்டினார்.

"எதைத் தேடிக் குத்தினவங்கள்?"

"புழுவத்தான் தேடியிருப்பானுகள். உங்கட ஊட்டம்மா உப்புத் தண்ணியில போட்டாவெண்டா அது தானா வந்து சரணடைஞ்சிடும்." சிரித்தவர், குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்கித்தானே? ஒவ்வொரு கிழமையும் ஒண்டு எடுத்து வைக்கிறன்" என்றார்.

புஸ்பராணி சமைக்கும் முறை வேறெந்தக் குசினியிலும் இல்லை. மஞ்சளும் உப்பும் இட்ட கொதிநீரில் பூக்களைச் சில நிமிடங்களே வைப்பாள். வடித்தெடுத்துத் துணியில் பரப்பி, ஈரம் முற்றாகப் போகும்வரை காத்திருப்பாள். ஈரம் நின்றால் அது அவியுமே தவிர முறுகாது. வறுத்த செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், உள்ளி ஆகியவற்றை அம்மியில் அரைத்து, எருமைத் தயிரும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பூசுவாள். அகன்ற தாச்சியில் எண்ணெய் தடவி அடுக்கி மூடி, அந்த மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவாள். கீழே மெல்லிய நெருப்பு, மேலே தணல். பூக்களின் நுனி கருகி, தண்டு இளகி வரும்போது மிளகாய் நெடி வீதிவரை போகும்.

முகாம் வாசலில் நின்ற இளங்காவலாளி முதல் சனிக்கிழமையே ஒரு துண்டைப் பிய்த்து வாயிலிட்டுக் கண் கலங்கினான். "மாஸ்டர், இது சாப்பாடா, நெருப்பா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்றையும் எடுத்தான்.

ஒரு மணி நேரத்தில் சட்டி திரும்பியது. உள்ளே மூன்று வேப்பிலைகள். புஸ்பராணி அவற்றைச் சாமிப்படத்தின் முன் வைத்தாள். இரண்டாம் வாரம் காய்ந்த பாண் துண்டின் விளிம்பு வந்தது. மூன்றாம் வாரம் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று. அவள் தன் கையால் தைத்தது. நான்காம் வாரமே நான் முதலில் குறிப்பிட்ட ஓகஸ்ட் 16.

"காவல்காரன் கழுவித் தந்திருப்பான். கொட்டுண்டு போயிருக்கும்" என்றாள்.

"கழுவேல்லை. மசாலா அப்படியே ஒட்டியிருக்கு."

"உங்களுக்கு எல்லாத்திலயும் பிழை பிடிக்கோணும்."

23ஆம் திகதி சட்டியைத் திறந்தவள் கத்தினாள். "பாத்தீங்களே! பிள்ளை சீனி வைச்சிருக்கிறான்!" சிறு துணி முடிச்சில் இரண்டு கரண்டி அளவு சீனி இருந்தது. தேநீருக்குக் கிடைத்ததை யாரோ பல நாள் சேமித்திருக்க வேண்டும். துணியை விரித்தேன். இடுப்பில் உடுக்கும் நீலக் கட்டம் போட்ட சாரத்தின் கிழிசல். என் மகன் காற்சட்டையுடன் போனவன். மாற்றுடை கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடைக்கவேயில்லை.

"இது ஆருடைய சாரம்?" என்றேன். அவள் சீனியை ஒரு போத்தலில் கொட்டினாள்.

அத்துணியை எடுத்துக்கொண்டு உடனே முகாமுக்குப் போனேன். "மகன் சாப்பிட்டது, நல்லா இருக்கு எண்டு சொன்னது" என்றான் இளங்காவலாளி. நான் துணியை அவன் மேசைமேல் விரித்தேன். "அப்படியெண்டால் இது ஆருடையது? என்ர பிள்ளையின்ர சாப்பாட்டை ஆர் சாப்பிட்டது?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "மாஸ்டர், அதை உள்ள வையுங்க. வீட்டுக்குப் போங்க" என்றான் மெல்ல.

வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நாற்பது ஆண்டு வகுப்பறையில் உயர்ந்த குரலை அன்றும் உயர்த்தினேன். "உங்கட பெரியவரைக் கூப்பிடுங்கோ!" அதிகாரி வந்தார். துணியை எடுத்தார், முகர்ந்தார், தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

30ஆம் திகதி உணவு ஏற்கப்படவில்லை. இராசதுரை என்ற பெயரில் எவரும் இம்முகாமில் இல்லை, இருந்ததும் இல்லை என்று தட்டச்சுக் கடிதம் ஒன்றைத் தந்தார்கள். வாசலில் வேறொரு காவலாளி நின்றான். சூடு ஆறாத சட்டியுடன் வீடு வந்தேன்.

"அந்தத் துணியை ஏன் குடுத்தனீங்கள்?" என்று புஸ்பராணி கேட்டாள். அதன்பின் அவள் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. பூக்கோவாவும் சமைக்கவில்லை.

இல்லாத ஒருவனா மூன்று வேப்பிலை வைத்தான்? இருந்ததே இல்லாத ஒருவனின் சட்டையிலிருந்தா அந்தப் பொத்தான் வந்தது? அமைச்சுக்கும், ஆணைக்குழுவுக்கும், செஞ்சிலுவைக்கும் எழுதினேன். கடிதம் கிடைத்ததாக மட்டும் பதில் வந்தது. ஆகையால் இதை இங்கே, இந்தப் பத்திரிகையில், எழுதுகிறேன்.

நீலக் கட்டச் சாரம் உடுத்தியிருந்தவரே, நீர் இதைப் படிக்கக்கூடிய இடத்தில் இருந்தால் கேளும். அந்த உணவு உமக்குரியதன்று. உண்டதில் குற்றமும் இல்லை. உம் துணியை அவர்கள் கையில் கொடுத்தது நான் செய்த குற்றம். அதனால் உமக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நான் அறிய வேண்டும். ஆனால் அந்தச் சட்டி யாருடையது என்று உமக்குத் தெரியும். அதை வெறுமையாக அனுப்பக் கூடாது என்பதும் தெரிந்தேயிருந்தது. என் மகனே உமக்கு அதைச் சொல்லியிருப்பான் என்று நம்புகிறேன்.

அவனை எந்தக் கதவால் கொண்டுபோனார்கள்? நடந்து போனானா? எழுதும். கையெழுத்து வேண்டாம். எழுத்துப் பிழைகளை நான் பார்க்க மாட்டேன். திகதியை மட்டும் சரியாக எழுதும்.