ஒரு வருஷக் காற்று

ஆடி ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு என் கணவர் நாச்சிமுத்து எங்கள் மொட்டை மாடியில் கம்பமாக நிற்கத் தொடங்கினார். ஒரு வருஷம் நிற்க வேண்டும். விதி அப்படி.

எனக்காகத்தான் நின்றார். நான் ஜாக்கெட் தைக்கிறேன். வலது முட்டி தேய்ந்துவிட்டதால் மெஷினை மிதிக்க முடியாது. அவர் அதற்கு மோட்டார் வைத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் கரண்டு பத்து மணிக்குப் போகும். பன்னிரண்டுக்கு வரும். யாராவது தும்மினால் மறுபடியும் போகும். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது பாதியில் ஊசி நின்றுவிடும். நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஒரு நாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உடுமலைல இத்தன காத்து அடிக்குது. நம்ம வீட்டு மேல சின்னதா ஒரு காத்தாடி வெச்சா என்ன மயிலா?"

காற்று அளவை அலுவலகத்துக்கு இருவரும் போனோம். வாசலிலிருந்து எழுத்தரின் மேஜை தெரிந்தது. நடக்க நடக்க நடைவழி நீண்டது. பாதி வழியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. எழுத்தர் எல்லாக் காகிதங்களின் மேலும் கல் வைத்திருந்தார். தன் இரண்டு பாதங்களின் மேலும் ஒவ்வொரு கல் வைத்திருந்தார்.

"வீட்டுல காத்து இருக்குதுங்கறதுக்கு சான்று இருக்குதுங்களா?"

"வந்து பாருங்க. நல்லா அடிக்குது" என்றேன்.

"அடிக்கறது வேற, சராசரி வேற. கடைக்காரன் காத்தாடிய மாட்டிட்டுப் போயிருவான். அப்பறம் அது பாட்டுக்குச் சும்மா நிக்கும். ஒரு வருசம் அளக்கோணும்."

"எதுல அளக்கறது?"

"ஆளுலதான். குடும்பத்துல ஒருத்தர் நிக்கோணும். ரெண்டு பேர்ல யாரு?"

என் கணவர் என் முட்டியைப் பார்த்தார்.

"நானே நிக்கறனுங்க."

"சுத்துவட்டாரத்துல இருக்கற எதையும் விட முப்பதடி ஒசரத்துல நிக்கோணும். இல்லீன்னா காத்து செவுத்துல முட்டிச் சுழலும். கணக்குத் தப்பிரும்."

"சரிங்க" என்றார்.

அவர் எதற்கும் முதலில் சரி என்பார். மிச்சத்தை நிதானமாகச் சொல்வார். பெண் பார்க்க வந்தபோதும் சரி என்று மட்டும்தான் சொன்னார். மூன்று வாரம் கழித்து நேரில் வந்து, "பிடிச்சிருக்குது" என்றார்.

ஏணியை அலுவலகமே கொடுத்தது. தேவைக்குத் தக்கபடி வளரும் ஏணி. அதன் உச்சிப்படியில் நின்று, விரல்களில் நான்கு டம்ளர்களைக் கட்டிக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டார். காற்றில் டம்ளர்கள் சுற்றின. மணிக்கொரு தரம் அவர் காற்றின் வேகத்தை எண்ணாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். ஆடியில் ஏழு, எட்டு என்று சொன்னார். குரலில் சந்தோஷம் இருந்தது. மதியச் சோற்றைத் தூக்குப்போசியில் வைத்துக் கயிற்றில் கட்டி ஏற்றினேன். காலிப் போசி இறங்கி வந்தது.

ஆவணியில் பக்கத்து வீடு ஒரு மாடி உயர்ந்தது. அங்கே சென்னியப்பன் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"நா ஒண்ணும் கட்டலீங்க. காலைல எந்திரிச்சுப் பாத்தா ஒரு மாடி சேந்திருக்குது."

"பரவால்லீங்க."

"இன்னமும் வளரும் போலத்தான் தெரியுது" என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாதம் ஒரு மாடி வளர்ந்தது. ஏணியும் வளர்ந்தது. என் கணவர் மாதம் ஒரு மாடி மேலே போனார். ஐப்பசியில் காற்று தணிந்தது. இரண்டு, ஒன்றரை என்று எண்கள் வந்தன. அதுவும் தாமதமாக வந்தன. காலையில் "சாப்புட்டீங்களா?" என்று கேட்டால் மாலையில் "ஆச்சு" என்று பதில் வரும். அதனால் நாளைக்குக் கேட்க வேண்டியதை இன்றே கேட்கப் பழகிக்கொண்டேன். கார்த்திகையில் அடுத்த வாரத்துக்கானதைக் கேட்டேன். பொங்கலன்று அனுப்பிய சர்க்கரைப் பொங்கலுக்கு மாசியில் பதில் வந்தது. "நெய் பத்தல." நான் வாசலில் உட்கார்ந்து அதைப் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன்.

வைகாசியில் போசியோடு அவருடைய சட்டை இறங்கி வந்தது. பட்டன் அறுந்திருந்தது. தைக்கலாம் என்று விரித்துப் பார்த்தேன். வெயிலில் துணி கொசுவலைபோல ஆகியிருந்தது. அவருடைய தோள் அளவு பதினெட்டரை அங்குலம். அது எனக்கு மனப்பாடம். அந்தச் சட்டையின் தோள் பதின்மூன்று இருந்தது. நாடாவைத் திருப்பிப் பிடித்தும் அளந்தேன். பதின்மூன்றுதான்.

நான் மாடிக்குப் போனேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"எனக்குக் கரண்டு வேண்டாமுங்க. எறங்கி வந்துருங்க."

பதில் வர நாளாகும் என்று தெரியும். ஆனாலும் அங்கேயே நின்றேன்.

ஆனி கடைசியில் எழுத்தர் வீட்டுக்கு வந்தார். கால்களில் கற்கள் இருந்ததால் மெதுவாக வந்தார். என் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தார். வகுத்தார்.

"சராசரி மூணே கால். ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்குப் பத்தாது."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப விட்டுருங்க. அவரு எறங்கட்டும்."

"ஒருத்தருக்குப் பத்தும்."

"நாங்க ரெண்டு பேருங்க."

"அவரு எறங்குனாத்தான் ரெண்டு பேரு. இப்ப நீங்க ஒருத்தருதான் வீட்டுல இருக்கறீங்க. கம்பமும் தயாரா நிக்குது. மாட்டிரலாம்."

"அவரக் கேக்கோணுமுங்க."

"போன மாசமே ஒலிபெருக்கில கேட்டாச்சு. பதில் வரோணும்."

அப்போது மேலேயிருந்து பதில் வந்தது. அவருடைய குரல்தான். மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"சரி."

எழுத்தர் பேனாவை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது எனக்குச் சொன்னதுங்க. நா எறங்கி வரச் சொல்லியிருந்தேன்."

"எங்களுக்குச் சொன்னது."

"உங்களுக்குன்னா சரிங்கன்னு சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் வெறும் சரி."

எழுத்தர் 'சரி', 'சரிங்க' என்று இரண்டையும் சொல்லிப் பார்த்தார். நியாயமான மனிதர்தான்.

"அத்தன ஒசரத்துலிருந்து வரும்போது 'ங்க' காத்துல உழுந்திருக்கும்" என்றார். சம்மதம் என்று எழுதினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்தார்.

அலுவலகம் அனுப்பிய ஃபிட்டர் சாதிக், காற்றாடியின் மூன்று இறக்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். ஒன்பது நாள் கழித்து இறங்கினார். நான் மாடியிலேயே காத்திருந்தேன்.

"அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"கம்பம் பேசாதுங்கக்கா" என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அன்றைக்கே கரண்டு வந்தது. ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு மோட்டார். அதற்கு மேல் எதைப் போட்டாலும் எரியவில்லை. இரண்டாவது தட்டை எடுத்து வைத்தால்கூட விளக்கு மங்கியது. நான் பதினொரு ஜாக்கெட் தைத்தேன். ஊசி ஓரிடத்திலும் நிற்கவில்லை. யாருடைய ஜாக்கெட் என்று பார்க்காமல் தைத்தேன்.

இறக்கைகள் சத்தம் போட்டன. மாவு மில் பக்கத்தில் குடியிருப்பதுபோல இருந்தது. நான் தினமும் மேலே பார்த்துப் பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏற்றி அனுப்பிய போசி திறக்கப்படாமல் திரும்பி வந்தது.

ஒரு மதியம் சென்னியப்பன் வந்தார். பதின்மூன்று மாடி இறங்கி வந்ததால் மூச்சு வாங்கியது.

"சம்சாரத்துக்குத் தலவலிங்க. ஒரு மணி நேரம் நிறுத்தி வெக்க முடியுங்களா?"

பிரேக் கயிறு மாடிச் சுவரில் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து இழுத்தேன். இறக்கைகள் நின்றன. தெரு முழுவதும் அமைதியாகிவிட்டது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. சென்னியப்பன் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"எறங்கறேன் மயிலா. சோறு வெய்யி."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "டிரில் மாஸ்டருங்க நானு. மூச்சு வாங்கறவங்க குரல் எனக்குத் தெரியும். அவரு படில காலு வெச்சுட்டுத்தான் பேசியிருக்கறாரு" என்றார்.

நான் இழுத்த கயிற்றை அப்படியே கொக்கியில் மாட்டிவிட்டு உலை வைத்தேன். அரிசி இரண்டு பேருக்குப் போட்டேன். விளக்கு எரியவில்லை. இரண்டு நாள் கயிற்றை எடுக்கவில்லை. வேறு குரல் எதுவும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாதிக் சைக்கிளில் வந்தார்.

"மீட்டர்ல பூஜ்யம் காட்டுதுன்னு ஆபீசுல சொன்னாங்க. காத்து இல்லீங்களாக்கா?"

"இருக்குது."

"அப்பறம் ஏன் நிறுத்தி வெச்சிருக்கறீங்க?"

"நீங்க மேல போனப்ப அவரு எப்படி நின்னாரு?"

சாதிக் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"கம்பம் கொஞ்சம் கோணலா இருந்துச்சுங்கக்கா. ஒரு காலு மட்டும் கீழ்ப்படிக்கு எறங்குன மாதிரி இருந்துச்சு. தூக்கி நேராக்கி, போல்ட்டு போட்டு முடுக்கிட்டேன். அப்படி உட்டா காத்துல ஆடும்."

"எந்தக் காலு?"

"எடது காலுங்க."

"எத்தன போல்ட்டு?"

"நாலு."

"நாலுக்கும் ஒரே ஸ்பேனருங்களா?"

"ஒண்ணேதான். பதினேழாம் நம்பர்."

நான் கையை நீட்டினேன். அவர் கருவிப் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு படியிலும் முதலில் நல்ல காலை வைத்தேன். பிறகு மற்றதை இழுத்து வைத்தேன்.

நாலாவது மாடிக்கு நேராக வந்தபோது சென்னியப்பனின் மனைவி அதுவரை இறங்கி வந்து ஜன்னலில் மோர் கொடுத்தார். ஒன்பதாவது மாடியில் யாரும் குடியில்லை. அங்கே துணிக்கொடி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. பதின்மூன்றுக்கு மேல் ஜன்னல் இல்லை. அதன்பிறகு எத்தனை நாள் ஏறினேன் என்று எண்ணவில்லை. மேகம் வந்தது. உள்ளே ஈரமாக இருந்தது. கண் தெரியாததால் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துழாவிக்கொண்டே போனேன்.

குதிகால் தட்டுப்பட்டது. ஆற்றுக் கல்போலக் குளிர்ந்திருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து வெகுநேரம் மூடியிருந்தேன்.

பிறகு ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டினேன். முழு பலத்தோடு திருப்பினேன். மேக ஈரத்தில் துருப் பிடித்திருந்தது. அசையவில்லை.

"நாந்தானுங்க" என்றேன். மறுபடியும் மாட்டினேன்.