ஈர வெற்றிலை

பாடி மேம்பாலத்தை ஒட்டிய கூரியர் கொட்டகைக்கு டெராஹெர்ட்ஸ் கருவி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. காகிதம், துணி, பிளாஸ்டிக் எதையும் அது ஊடுருவிப் பார்க்கும். உள்ளே போதைப்பொடி இருந்தால் திரையில் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். அதை இயக்குபவள் லாவண்யா. சம்பளம் சுமார்தான், பெருமை மட்டும் கொள்ளை. வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் அளக்காமல் இருப்பாளா?

"அதுக்கு ஈரம்தான் ஆவாது. நடுவுல ஈரமா எதுனா இருந்தா ஒரே கருப்பு. பின்னாடி இன்னா கீதுன்னே தெரியாது. பிரசாதக் கவரு வந்தா, சிவப்பு காட்டாத வரைக்கும் நாங்க பிரிக்கவே மாட்டோம்" என்றாள் போன வாரம். அம்மா சுலோசனா கொட்டாவி விட்டாள். தம்பி விஷால் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

இன்று திரையில் ஒரு பிரசாத உறை வந்து நின்றது. விபூதிப் பொட்டலம் வெளிறித் தெரிந்தது. பக்கத்திலேயே வெற்றிலை வடிவத்தில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. கூரியரில் பிரசாதம் அனுப்புகிறவர்கள் பூவைக்கூடக் காயவைத்துத்தான் வைப்பார்கள். போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடுமே. லாவண்யா சீட்டைப் பார்த்தாள். அனுப்புநர் சுலோசனா, கோவில்பதாகை. அவள் வீட்டு முகவரியேதான். மூட்டுவலிக்காரி அம்மா கோயில் பக்கம் போயே மாதக்கணக்காகிறது. நேற்று விஷால்தான் அம்மாவின் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கிப் போனான்.

"சாமி பிரசாதம்மா. சிவப்பு காட்டலல்ல? உட்ரு, போவட்டும்" என்றார் மேற்பார்வையாளர் கஜபதி.

விட்டால் போய்விடும், தம்பியும் தப்பிப்பான். ஆனால் வேறெங்காவது பிடிபட்டால் போலீஸ் அம்மாவைத்தான் தேடி வரும். அது தெரிந்தேதான் அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறான் என்று உறைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உறையைப் பிரித்தாள். ஈரத்துணி, வெற்றிலை அடுக்கு, அடியில் வெள்ளைப் பொடி.

கஜபதி சீட்டை வாங்கிப் படித்தார். "சுலோசனாவா? யாரும்மா இந்தப் பொம்பள?"

"எங்கம்மா, சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அனுப்பினது என் தம்பி, பேரு விஷால். போலீசுக்குச் சொல்லுங்க, இப்ப ஊட்லதான் கீறான்."