ஏழு ஆட்டுத்தோலும் ஒரு மெத்தையும்

நன்றி காட்டவும் ஒரு அளவு வேண்டாமா? அந்தக் கரையில் இருந்த ஏழு வீட்டுக்காரர்களுக்கும் அது தெரியவில்லை. சிலி நாட்டின் சீலோயே தீவில் மூடுபனி இறங்கினால் படகில் இருப்பவனுக்குத் தன் கையே தெரியாது. அப்போதெல்லாம் கரையில் நின்று விடாமல் குரைத்து அத்தனை பேரையும் வீடு சேர்த்தது எதெல்மீராவின் நாய் சோனோதான். இப்போது அதற்குப் பதினாலு வயது. இடுப்பு விட்டுப்போயிற்று என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்கு ஒரு ஆட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிறந்த குழந்தையோ நோயாளியோ, யாராக இருந்தாலும் அங்கே பாசம் என்றால் கம்பளி அடர்ந்த ஆட்டுத்தோல்தான்.

எதெல்மீரா ஏழையும் அடுப்பருகே அடுக்கினாள். சோனோ ஏறிப் படுத்தது, அப்படியே புதைந்தது. காலையில் எழ முடியாமல் கம்பளியைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தது. தினமும் அவள்தான் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

வியாழக்கிழமை மாட்டு டாக்டரம்மா படகில் வந்தாள். மருந்து கொடுத்தாள். அடுத்த வியாழனுக்குள் தானாக எழுந்து நிற்காவிட்டால், வலியில் கிடக்க விடாமல் ஊசி போட்டுவிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றாள். டாக்டரம்மா போகிறபோது தோல்களை அழுத்திப் பார்த்தாள்.

"இது படுக்கை இல்லம்மா, சேறு. எது வாங்குனாலும் முட்டி போட்டுப் பாருங்க. முட்டி தரையில இடிச்சா வேண்டாம்."

மறுநாளே எதெல்மீரா மெத்தை வாங்கக் காஸ்த்ரோ நகரத்துக்கு பஸ் ஏறினாள். கடைக்காரி பஞ்சு பஞ்சாக ஒன்றைக் காட்டினாள். முட்டி தரையில் இடித்தது. இன்னொன்றுக்குச் சுற்றிலும் உயரமான விளிம்பு. சோனோ கால் தூக்கித் தாண்டாது. மூன்றாவது சாம்பல் நிறம், கனம், பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் முட்டியைத் தாங்கியது. கடையிலேயே ஜெபம் பண்ணுகிறாள் பார் என்று யாரோ சிரித்தார்கள். பாதி அதுதான் என்று சொல்லிவிட்டு அதையே வாங்கினாள்.

மெத்தையைப் போட அவள் தோல்களை எடுத்ததும் பக்கத்து வீட்டு மீனவன் பெலர்மீனோவுக்கு முகம் சுருங்கியது. இருக்கிறதிலேயே பெரிய தோல் அவன் கொடுத்தது.

"என் தோலு உன் நாய்க்கு ஆகலையாக்கா?"

"ரெண்டு தடவ உன்ன உயிரோட கொண்டுவந்த நாய்டா. அது எந்திரிச்சு நிக்கணுமா, உன் தோலுல புதைஞ்சு சாகணுமா?"

அவன் தோலைச் சுருட்டிக்கொண்டு போனான். மறுநாள் அதன் கம்பளியை ஒட்டக் கத்தரித்துக் கொண்டுவந்து, மெத்தைமேல் தானே விரித்தான். மற்றவர்களும் அவரவர் தோலை எடுத்துப் போனார்கள்.

புதன்கிழமை காலை மூடுபனி இறங்கியது. பெலர்மீனோ கடலில் இருந்தான். எதெல்மீரா உருளைக்கிழங்கு ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பலகைத் தரையில் நகம் உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். மெத்தை காலியாக இருந்தது.

வெளியே ஓடினாள். கரைக் கூழாங்கல்லில், பின்னங்கால்கள் நடுங்க நடுங்க, சோனோ நின்று குரைத்தது. குரல் கம்மிப் போயிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பனிக்குள்ளிருந்து பெலர்மீனோவின் குரல் வந்தது.

"கேக்குதுடா சோனோ. வந்துட்டேன்."

எதெல்மீரா ஈரக் கல்லில் அப்படியே முட்டி போட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யாருக்கென்று பார்க்காமல் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.