நீல மருந்து ஏறிய பிறகு

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றிருந்தபோது, முன் இருக்கையில் இருந்த நர்ஸ் போனில் சொன்னார்: "எந்த மருந்துக்கும் பிரஷர் ஏறல. கடைசியா நீல மருந்து ஏத்துனோம்டி." கேட் திறந்தது, பஸ் இரைந்தது, மிச்சம் காதில் விழவில்லை. விழாததைத்தான் எழுதப்போகிறேன். எழுதிவிடுவேன், கவலை வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "தஞ்சாவூரில் மழை கொட்டிக்கொண்டிருந்த..." வேண்டாம். பிள்ளை சாகக் கிடக்கும்போது மழையை யார் பார்த்தது?

இரண்டாவது: நாகப்பட்டினம் சபிஹாவுக்கு ஏழாம் மாதமே பெண் பிறந்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ரத்தத்தில் கிருமி. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகிறது. (இது சரி. இப்படியே போகலாம்.)

3

சபிஹாவை முதலில் அழுது மயங்குகிறவளாக எழுதினேன். சோம்பேறித்தனம். அடித்துவிட்டேன். இப்போது வீல்சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து டாக்டர் மலர்கொடியைக் கேள்வி கேட்கிறாள்.

"வழக்கமா குடுக்குறது எல்லாம் குடுத்தாச்சும்மா. கேக்கல. மெத்திலீன் புளூன்னு ஒண்ணு இருக்கு. சில பிள்ளைங்களுக்கு வேலை செஞ்சிருக்கு. உறுதி சொல்ல மாட்டேன்."

"குடுக்கலன்னா?"

"ரொம்ப நேரம் தாங்காது."

"புள்ளையோட அத்தா துபாயில இருக்காங்க, போன எடுக்கல. நான் சொல்றேன். குடுங்க டாக்டர்."

4

மருந்து ஏறும்போது சபிஹாவின் அண்ணன் சித்தீக் வந்து சேர்ந்தார். மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரல் கடற்கரை முழுக்கக் கேட்கும். பிறந்த பிள்ளையின் காதில் முதலில் சொல்ல வேண்டிய தொழுகை அழைப்பு, பாங்கு; அவசரத்தில் அதை யாரும் சொல்லவில்லை. கையைக் கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டு, அலறும் மானிட்டரைக் காட்டி நர்ஸ் கனகாவிடம் கெஞ்சினார்.

"அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா. பாங்கு சொல்லணும்."

"அத நிறுத்தக் கூடாதுங்க. நீங்க மெதுவாச் சொல்லுங்க, அவளுக்குக் கேக்கும்."

சித்தீக்குக்கு மெதுவாகப் பேசியே பழக்கமில்லை. ஆனாலும் சொன்னார், மூச்சோடு மூச்சாக. [இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.] பாங்கு முடிந்ததும் திரையில் பிரஷர் எண்கள் மளமளவென்று...

நிறுத்துகிறேன். எண்களை ஏற்றினால், மருந்தை விட்டுவிட்டுப் பாங்குக்குப் பெருமை கொடுத்தேன் என்று டாக்டர் கோபித்துக்கொள்வார். இறக்கினால் சித்தீக் முகத்தில் விழிக்க முடியாது. எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மேலும் விழவில்லை, அவ்வளவுதான்.

5

"இனி புள்ள ஒண்ணுக்குப் போகணும்மா. கிட்னிக்கு ரத்தம் போவுதான்னு அதுலதான் தெரியும்" என்றார் கனகா. "மருந்தோட நிறத்துல, நீலப் பச்சையாப் போவும். பயந்துடாதீங்க."

"பச்சையாப் போனா சந்தோஷப்படணுமா?"

"ஆமா. நல்லாவே சந்தோஷப்படலாம்."

சபிஹா சிரித்துவிட்டாள். அப்படி ஒரு நேரத்தில் அவள் சிரிப்பாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் நாப்கின் காய்ந்து கிடக்கிறது. இன்னொன்றில் பச்சைக் கறையைப் பார்த்து ஒரு தாய் கூத்தாடுகிறாள். இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. எழுதத் தெரிந்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைக் கொல்ல எனக்கு மனமில்லை. நிஜத்தில் நடந்தது தெரியாமல் பிழைக்க வைத்து, பெற்றவளை ஏமாற்றவும் மனமில்லை. பிழைக்கட்டும் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

கனகா பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து கையை உள்ளே விடுகிறார். குனிந்து பார்க்கிறார். குரலில் எதையும் காட்டாத பெண்மணி.

"இங்க வாங்கம்மா" என்கிறார்.

சபிஹா எழுந்துவிட்டாள். தையல் இழுக்கிறது. சித்தீக்கை வெளியே அனுப்பிவிட்டார்கள்; அவள் கையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இதைப் படிக்கிற நீங்கள் போங்கள்.