பலகை எடுத்த கசர்

பெருமாளின் வலக்கையில் நான்கு விரல்கள் போன அன்று, எங்கள் தெரு முதலில் விசாரித்தது கையைப் பற்றி அல்ல, துண்டைப் பற்றி. "ஓடுற பெல்ட்டுக்கு மேல எவனாவது துண்டு காயப் போடுவானா?" என்று கேட்காத வாய் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் அதே முனீர் அகமது சாயபுவின் தோல் மண்டியில், தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் அதே இயந்திரத்துக்கு மேல், அதே கம்பியில் தங்கள் துண்டுகளைக் காயப் போட்டவர்கள்தான். என்ஜின் சூட்டில் ஈரத் துணி ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். பெருமாளின் துண்டு சரிந்து பெல்ட்டில் சிக்கியது. துண்டைக் காப்பாற்றக் கையை நீட்டினான். துண்டு பிழைத்துக்கொண்டது. அவன் பெண்சாதி சௌந்தரம் அதை அலசி வாசலில் உலர்த்தியிருந்ததை நானே பார்த்தேன். சிக்கனமான குடும்பம்.

முன்பு அந்தப் பெல்ட்டைச் சுற்றிப் பலகைக் கூண்டு ஒன்று இருந்தது. சர்க்கார் வந்து பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று பயந்து அடித்தது. போன மழைக்காலத்தில் சாயபு வீட்டில் கல்யாணம் வந்தது. பிரியாணி தேக்சாக்கள் சேற்றில் புதைகின்றன, பலகை கொண்டுவா என்று சாயபு சொல்லியனுப்பினார். ஊரில் பலகைக்கா பஞ்சம்? ஆனால் பக்கத்தில் இருந்தது கூண்டு. பெருமாள் அதைப் பிரித்துத் தலையில் சுமந்துகொண்டு போனான். விறகு ஈரமாக இருக்கிறதென்று பொழுது சாய்வதற்குள் பலகைகளும் அடுப்புக்குள் போய்விட்டன. கூண்டு பிரியாணியானது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினோம். சோறு எப்படி உதிரி உதிரியாக இருந்தது என்று இன்றும் பேசுகிறார்கள். பலகையைப் பற்றிப் பேசுவோர்தாம் இல்லை.

நியாயம் சொல்ல ஜான் பாஷா வந்தான். தோல் தரகன்; ஆட்டுத்தோலுக்கும் ஆட்டுக்கும் நடுவில்கூடப் புகுந்து தரகு பார்க்கத் தெரிந்தவன். பெருமாள் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்ததும் அவனுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"துண்டு போட்டது நீ. பலகைய எரிச்சது சாயபு வூடு. தப்பு ஆளுக்குப் பாதி. அதனால நஷ்டஈடும் பாதி. இதுல இன்னா பேஜார் இருக்குது?"

கூட்டம் தலையை ஆட்டியது. பாதிக்குப் பாதி என்றால் எங்கள் தெருவுக்கு எப்போதுமே பிடிக்கும், வெட்டுவது அடுத்தவன் பங்கிலிருந்து என்றால்.

உள்ளேயிருந்து சௌந்தரம் கேட்டாள். "பாதிக்குப் பாதின்னா விரலும் அப்படித்தானே பாய்? சாயபுவ ரெண்டு விரல் எடுத்து வைக்கச் சொல்லு. மிச்சத்தப் பேசிக்கலாம்."

வாயாடி என்று பெயர் வாங்க இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாளே அவள் வேலூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள். தொழிலாளி நஷ்டஈட்டுச் சட்டத்தில் இந்தப் பாதிக் கணக்கே கிடையாதாம். கவனப்பிசகாக இருந்தாலும் பணம் முழுசாக உண்டு. ஆனால் காப்பாக வைத்த பலகையைத் தொழிலாளி தன் இஷ்டத்துக்கு வேண்டுமென்றே பிடுங்கியிருந்தால் ஒரு தம்பிடி கிடையாது. பணம் வந்தால் கறவை எருமை ஒன்று வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். வராவிட்டால், விரலில்லாத கையை எந்த மண்டி உள்ளே விடும்? வக்கீல் சொன்னது விளக்கு வைப்பதற்குள் சாயபுவின் காதுக்குப் போய்விட்டது. எங்கள் தெரு இருக்கும்போது ஆம்பூருக்குத் தந்தி ஆபீஸ் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

விசாரணை டிராவலர்ஸ் பங்களாவில் நடந்தது. அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தோல் நாற்றத்துக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே நியாயம் கேட்டார். ஜன்னல் கம்பிகளில் தெருவே தொங்கியது. சாயபு எழுந்து நின்று, வலிக்காமல் பேசினார்.

"ஹுஸூர், நான் பலகை கொண்டான்னுதான் சொன்னேன். கூண்டப் பிரின்னு சொன்னேனா? இவனாத்தான் பிரிச்சான். பலகை எடுத்த கசூர் இவனுது." பெருமாள் பக்கம் திரும்பினார். "அரே பெருமாளு, நீயே சொல்லு. பலகை எடுத்த கசூர் உன்னுதா, இல்லியா?"

பெருமாளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மண்டியில், பேசிய கூலிக்கு மேல் தள்ளிக் கொடுக்கும் சில்லறைக்குக் கசர் என்று பெயர். சாயபு வீட்டு உருதுவில் கசூர் என்றால் குற்றம். நடுவில் இருப்பது ஒரு நெடில்தான். பட்டை இயந்திரத்தின் இரைச்சலில் பாதி செவிடாகிப்போன காதுக்கு அந்த நெடில் எங்கே விழப்போகிறது?

"என்னுதுதாங்க சாயபு!" என்றான் உரக்க. "பலகை எடுத்தது முச்சூடும் நான். வேற எவனுக்கும் அதுல பங்கு கெடையாது. கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

உருது தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள், தெரிந்தவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். அதிகாரி பேனாவை மையில் தோய்த்தார்.

"எழுதாதீங்க தொரை!" சௌந்தரம் முன்னால் வந்தாள். "இந்த மனுசன் சொல்றது கசர். சொமந்ததுக்குச் சில்லறை. சாயபு கேட்டது வேற!"

"கசரா, கசூரா? ரெண்டும் ஒண்ணுதானே?" அதிகாரி, சாயபுவுக்குத் துணையாக வந்திருந்த ஜான் பாஷாவைப் பார்த்தார். ஜான் பாஷா கூரையில் எத்தனை உத்தரம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி சாயபுவிடமே திரும்பினார். "நீங்க கௌரவமானவர். ரெண்டு பாஷையும் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க, இவன் எதைச் சொன்னான்?"

முனீர் அகமது சாயபு ஐந்து வேளை தொழுகை தவறாதவர். அவர் பொய் சொல்லி இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டிய பொய்யை மற்றவர்களே சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அப்படி ஒருவன் வாயைத் திறக்கவில்லை. சாயபு சட்டைப் பையிலிருந்து டப்பியை எடுத்தார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். இன்னொன்றையும் வைத்தார். கன்னம் புடைத்தது. வாய் நிறைய இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று கையால் ஜாடை காட்டினார்.

அதிகாரி காத்திருந்தார். பேனா முனையில் மை காய்ந்துகொண்டிருந்தது. பெருமாள், கசர் இப்போதே கொடுத்துவிடுவார்களோ என்று, மீந்திருந்த இடக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

மூலையில் பங்களாவின் பித்தளை எச்சில் பணிக்கம் இருந்தது. சௌந்தரம் போய் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். நடந்து வந்து சாயபுவின் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். சாயபு அவளைப் பார்க்காமல் மென்றுகொண்டே இருந்தார். உதட்டோரத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு அந்த வெள்ளைத் தாடிக்குள் இறங்கத் தொடங்கியது.