மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு குரல்கள்

பறவைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் கம்மி என்று சொன்னபோது, வீட்டுத் தரைக்கடியிலிருந்து கடற்பறவைகள் பதில் குரல் கொடுத்தன. தொண்டை கட்டிய குழந்தைகள் ஒன்றாக அழுவது போன்ற குரல். அவர் வாயை மூடியதும் அதுவும் அடங்கியது. மனைவி பேசினால் ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசிப் பார்த்தும் ஒன்றுமில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு கூடத்தில் நாலு ஓடுகளைப் பெயர்த்து இடுப்பளவு தோண்டினார்கள்; மண்தான் இருந்தது. குரல் அதற்கும் ஒரு முழம் கீழே போய்விட்டது. கொத்தனார் குழியை மூடி, கூலியை வாங்கிக்கொண்டு, ஈரம் காயும்வரை மிதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குரல் பறவைக்காரருக்குத் தெரியாததல்ல. கரையிலிருந்து இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் ஒரு தீவு. அதன் சரிவில் வளை தோண்டி முட்டையிடும் வளைப்பறவைகளை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவதுதான் அவருடைய உத்தியோகம். அலையை உரசிக்கொண்டு பறக்கும் அந்தப் பறவை பகலில் வளைக்குள் அடைந்து கிடக்கும், கண்ணால் பார்த்து எண்ண முடியாது. அதனால் ஒவ்வொரு வளை வாயிலும் மண்டியிட்டு டேப் ரெக்கார்டரில் அதன் கூவலைப் போடவேண்டும். உள்ளே பறவை இருந்தால் பதில் கூவும். கூவினால் நோட்டில் ஒரு கோடு. ஒரு செழிப்பான வருடத்தில் அவர் டேப்பின் கூவலோடு பறவைகளின் பதில்களையும் சேர்த்துப் பதிவு செய்து வைத்திருந்தார். அதற்கு அடுத்த வருடம் முழங்கால் வீங்கியது. படகிலேயே உட்கார்ந்து அந்தப் பழைய டேப்பை ஓடவிட்டு, அதிலிருந்த பதில்களை எண்ணிக் கோடு போட்டார். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே வராத அளவுக்கு, ஒன்றுகூட விட்டுப்போகாமல் சுத்தமாக எண்ணினார். மறு வருடம் முழங்கால் சரியாகிவிட்டது, பழக்கம் போகவில்லை. அப்படியே ஏழு வருடம் ஓடியது. எல்லா வருடமும் ஒரே எண்ணாக இருந்தால் உறுத்துமே என்று பத்து இருபதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார்.

குரல் வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் பேசுவதை நிறுத்தினார். காபி வேண்டுமென்றால் சீட்டில் எழுதி நீட்டினார். இரண்டு மாதம் பொறுத்த மனைவி, ஒரு ஞாயிறன்று சாக்பீஸ் டப்பாவோடு வந்து நின்று, ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றாள். ஒவ்வொரு குரலும் தரையில் தனக்கென்று ஓர் இடத்திலிருந்து வந்தது. அவள் குனிந்து காது வைத்துக் கேட்டு ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வைத்தாள். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை வாசல், பின்கட்டு என்று ஒன்பது நாள் ஆயிற்று. மொத்தம் மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு. கணவருடைய அறிக்கைகளை எல்லாம் அவள்தான் தட்டச்சு செய்து கொடுப்பாள்.

"போன வருஷம் நான் டைப் அடிச்ச நம்பர் இது," என்றாள். "நீங்க தீவுல ஏறிப் பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல," என்றார். காலடியில் அத்தனையும் பதில் கூவின. அந்த நிமிடத்தில் அவருக்கு வந்த வெட்கத்தை வயிற்றுவலி என்றுதான் முதலில் நினைத்தார்.

மறுநாளே படகுக்காரரை அழைத்துக்கொண்டு தீவில் ஏறினார். சரிவு முழுக்க வளைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தோள்வரை கையை விட்டுப் பார்த்தார். கடித்துத் துளைத்த முட்டை ஓடும் எலிப் புழுக்கையும்தான் கையோடு வந்தன. பறவைகள் நன்றாக இருக்கின்றன என்ற அவருடைய அறிக்கையைக் காட்டித்தான் ஐந்து வருடம் முன்பு தீவில் படகுத்துறை கட்ட அனுமதி வாங்கியிருந்தார்கள். பெரிய படகுகள் வந்தன, கயிறு வழியாக எலிகள் இறங்கின. "நான் அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா," என்றார் படகுக்காரர். அவர் அடித்திருந்தால்கூடப் பறவைக்காரர் தாங்கியிருப்பார்.

அலுவலகத்தில் போய் உண்மையைச் சொன்னபோது, அச்சான அறிக்கையை யார் திருத்துவது என்று அதிகாரியம்மா சலித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கேளுங்கள் என்று பறவைக்காரர் அழைத்தார். அதிகாரியம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தீவில் ஏறவே இல்லை என்றார் பறவைக்காரர்; தரை கூவியது. அதிகாரியம்மா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு மேலே உள்ளவர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் மேலே உள்ளவர்கள் வந்தார்கள். குரல்கள் பறவைக்காரருக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதால், அதே வாக்கியத்தைப் பதினோரு தடவை, பதினோரு தடவையும் கூனிக் குறுகி, அவரே சொல்லவேண்டியிருந்தது.

எலிகளை ஒழிக்க நாலு வருடம் பிடித்தது. தீவு சுத்தமாயிற்று, பறவைதான் வரவில்லை. சத்தமில்லாத நிலத்தில் வளைப்பறவை இறங்காது. கடைசியில் அதிகாரியம்மா அந்தப் பழைய டேப்பைக் கேட்டார். மனிதர்களை ஏமாற்றியது போதாதென்று பறவைகளையும் அதே டேப்பால் ஏமாற்ற வேண்டியிருக்கிறதே என்று பறவைக்காரர் தலை குனிந்து எடுத்துக் கொடுத்தார். சரிவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று பருவம் ஓடவிட்டார்கள். மூன்றாவது பருவத்தில் ஒரு வளையில் அவர் கைவிட்டபோது உள்ளே ஏதோ சூடாகப் பட்டது, விரலில் நறுக்கென்று கடித்தது. கூட வந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த விரலைக் காட்டியபடி நிற்கச் சொல்லி ஒருவர் கேமராவைத் தூக்கினார்.

"என்னை எடுக்காதீங்க," என்றார் பறவைக்காரர். "இது புதுசா வந்த பறவை. என்னோடது எல்லாம் செத்துப்போச்சு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். "கடிச்சுது," என்றார். தரைக்கடியில் மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறும் பதில் கூவின, ஒன்றுகூடக் குறையவில்லை. அவை அடங்கும்வரை அவள் காத்திருந்துவிட்டு, காயத்துக்கு மருந்து போட்டீர்களா என்று கேட்டாள்.